மூட்டையில் இருப்பதும் பயிருக்குப் போவதும்

டி.ஏ.பி. மூட்டையின் முகப்பில் 18:46:0 என்று அச்சிட்டிருக்கும். மூட்டை 50 கிலோ. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 9 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 23 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாசியம்) இல்லை. கூட்டினால் 32 கிலோதான் வருகிறது. மீதி 18 கிலோ என்ன, மண்ணைப் போட்டு நிரப்பிவிட்டார்களா என்று உரக்கடையில் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நைட்ரஜன் தனித்து இருந்தால் வெறும் காற்று. வெண்பாஸ்பரஸ் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். பொட்டாசியம் தண்ணீர் பட்டால் எரிந்து வெடிக்கும். ஹைட்ரஜனோடும் ஆக்சிஜனோடும் குளோரினோடும் சேர்ந்து உப்பாக அடங்கிய பிறகுதான் இவை நாம் கையால் அள்ளி வீசக்கூடிய பொருளாகின்றன. அந்தத் துணைத் தனிமங்களின் எடைதான் அந்த மீதி.

மணிச்சத்து எண்ணில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. 46 என்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடு அளவு. அந்தப் பொருள் மூட்டைக்குள் இல்லவே இல்லை. 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் தாதுக்களை ஆக்சைடாக எடைபோட்டுச் சொன்ன வழக்கம் இன்றுவரை தொடர்கிறது, அவ்வளவுதான். அந்த 23 கிலோவில் உண்மையான பாஸ்பரஸ் 10 கிலோ. பொட்டாஷ் மூட்டையில் 60 என்று போட்டிருந்தால் அதில் பொட்டாசியம் 50 சதவீதம்.

இவ்வளவும் மூட்டைக்குள் இருக்கும் சத்தின் கணக்கு. பயிருக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதை எந்த மூட்டையும் சொல்வதில்லை. தண்ணீர் கட்டிய நெல் வயலில் யூரியாவாகத் தூவிய தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம். மணிச்சத்தில், போட்ட பருவத்துப் பயிர் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தாலே அதிகம். இரண்டு இழப்புகளுக்கும் காரணம் வேறு வேறு. ஒன்று வயலைவிட்டே போய்விடுகிறது. மற்றது வயலிலேயே இருந்தும் கைக்கு எட்டுவதில்லை. இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் எந்த உரத்தை எப்போது, எங்கே, எப்படி இடுவது என்பதில் பாதிக்கு மேல் தானாக விளங்கிவிடும். நம் விவசாயிகளிடம் எத்தனை மூட்டை என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். உரம் மண்ணில் என்ன ஆகிறது என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

யூரியாவிலிருந்து தொடங்குவோம். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருப்பதால் செடிக்கு அது பயன்படாது. அந்தக் கட்டை ஆய்வுக்கூடத்தில் அவிழ்த்துக் காட்டியவர் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர், ஆண்டு 1909. கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தெடுத்தார். 1913இல் ஓப்பாவ் என்ற ஊரில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. 400 டிகிரிக்கு மேல் வெப்பம், 200 வளிமண்டல அழுத்தம், இரும்பு வினையூக்கி. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனும் இயற்கை எரிவாயுவிலோ நாப்தாவிலோ இருந்து பிரித்த ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகிறது. அதோடு கரியமில வாயுவைச் சேர்த்தால் யூரியா. மணலியில் 1971இலும் தூத்துக்குடியில் 1975இலும் உற்பத்தி தொடங்கிய ஆலைகள் தமிழ்நாட்டு வயல்களுக்கு இன்றும் யூரியா அனுப்புகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு அம்மோனியம் சல்பேட் தூவிய நிலத்தில் இன்று யூரியாதான் எங்கும். காரணம் எளிது. அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து 21 சதவீதத்துக்குள், யூரியாவில் 46. ஒரே லாரிக் கூலியில் இரண்டு மடங்குக்கு மேல் சத்து வருகிறது. கூடவே வந்துகொண்டிருந்த கந்தகம் நின்றுபோனது. அதன் விலையை இப்போதுதான் எண்ணெய் வித்துப் பயிர்களில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

யூரியாவுக்கு மின்னேற்றம் கிடையாது. தண்ணீரில் கரைந்தால் தண்ணீர் போகும் வழியில் போகும். களிமண் அதைப் பிடித்துவைக்காது. மண்ணிலும் பயிர்க்கழிவிலும் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி சில நாட்களில் அதை உடைத்து அம்மோனியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. அம்மோனியம் ஆனபின் நிலைமை மாறும். அது நேர்மின்னேற்றம் உள்ள அயனி, களிமண் துகளின் எதிர்மின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஆக, உடையும் நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. சேற்றுக்குள் இருந்தால் களிமண் பிடித்துக்கொள்ளும். மேலே நிற்கும் தண்ணீரில் இருந்தால் அம்மோனியா வாயுவாகக் காற்றோடு போகும்.

இதில் பாசிக்கும் பங்கு உண்டு. நடவு முடிந்த புதிதில் பயிர் வயலை மூடியிருக்காது. வெயில் நேரே தண்ணீரில் விழும். பாசி ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் பகல் ஏற ஏறத் தண்ணீரின் காரத்தன்மை கூடுகிறது; உச்சிவேளையில் கார அமில நிலை 9ஐத் தாண்டுவதும் உண்டு. காரம் கூடினால் அம்மோனியம் அம்மோனியாவாக மாறி ஆவியாகும். யூரியா தூவிய மறுநாள் நல்ல வெயிலும் காற்றும் இருந்தால் வயலிலிருந்து பணமே ஆவியாகிப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரை வடித்துவிட்டு, சேறு ஈரமாக இருக்கும்போது யூரியாவைத் தூவி, மறுநாள் தண்ணீர் கட்டச் சொல்வது இதனால்தான். ஏறும் தண்ணீர் யூரியாவைச் சேற்றுக்குள் இறக்கிவிடும். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு வீசுவதும், வீசிய அன்றே அடுத்த வயலுக்கு மடையைத் திறந்துவிடுவதும், மூட்டைக்குக் கொடுத்த காசை வாய்க்காலில் விடுவதற்குச் சமம்.

ஆவியாவதில் தப்பியதும் முழுக்கப் பயிருக்கு வராது. நெல் வயலின் சேறு பார்வைக்கு ஒரே பொருளாகத் தெரிந்தாலும் அதில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. மேலே சில மில்லிமீட்டர் தடிமனுக்கு மட்டும் தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் கிடைக்கும். அதன் கீழே ஆக்சிஜனே இல்லாத கரும்படலம். மேல்படலத்தில் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் போன்ற நுண்ணுயிரிகள் அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்குகின்றன. நைட்ரேட்டுக்கு எதிர்மின்னேற்றம், களிமண் அதை விலக்கிவிடும். அது கீழே நழுவிக் கரும்படலத்துக்குள் விழுகிறது. அங்கே ஆக்சிஜனுக்குத் தவிக்கும் வேறு நுண்ணுயிரிகள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு மீதியை நைட்ரஜன் வாயுவாக வெளியே விடுகின்றன. ஹேபர் முறையில் அவ்வளவு வெப்பமும் அழுத்தமும் கொடுத்துக் காற்றிலிருந்து இறக்கியது மறுபடி காற்றுக்கே ஏறுகிறது. ஒரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகவும் போகும். புவியைச் சூடாக்குவதில் அது எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வலியது. இந்த இரு படலக் கதையை ஜப்பானிய மண்ணியலாளர் ஷியோயிரி 1940களின் தொடக்கத்திலேயே விளக்கி, உரத்தை மேலே தூவாமல் சேற்றோடு கலந்து இடச் சொன்னார்.

அந்த யோசனையின் நேர்வாரிசு வங்கதேசத்தில் இருக்கிறது. அங்கே யூரியாவை அழுத்திக் கோலிக்குண்டு அளவு உருண்டையாக்கி, நட்ட சில நாட்களில் நான்கு குத்துகளுக்கு நடுவே ஒன்றாக, விரல் நீள ஆழத்தில் சேற்றில் புதைக்கிறார்கள். உருண்டை கரையும்போது வரும் அம்மோனியத்தைச் சுற்றியுள்ள ஆக்சிஜனற்ற களிமண் பிடித்துக்கொள்கிறது. நைட்ரேட்டாக மாற வழியில்லை. பருவத்துக்கு ஒருமுறை புதைத்தால் போதும். யூரியா தேவையும் குறைகிறது. நடவுக்கே ஆள் கிடைக்காத ஊரில் குனிந்து புதைக்க ஆள் எங்கே என்ற கேள்விதான் இங்கே அதைத் தடுத்து நிறுத்துகிறது. சரியான கருவி வந்தால் காவிரிப் படுகையின் களிமண்ணுக்கு இது நன்றாகப் பொருந்தும் என்பது என் நம்பிக்கை.

நமக்குக் கைவந்த வழி வேம்பு. வேப்பெண்ணெயிலும் வேப்பம்புண்ணாக்கிலும் உள்ள சேர்மங்கள் நைட்ரோசோமோனாஸின் வேலையை மந்தப்படுத்துகின்றன. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவது தாமதமாகிறது. யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, பொடித்த வேப்பம்புண்ணாக்கு ஒரு பங்கு எனக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் தூவும் பழக்கம் தமிழ்நாட்டில் வெகுநாளாக இருக்கிறது. 2015 முதல் இந்தியாவில் விற்கும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானது. தொழிற்சாலைகளுக்குக் கள்ளத்தனமாகப் போவதைத் தடுப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

இன்னொரு வழி, பிரித்துக் கொடுப்பது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காவிரிப் படுகை நெல்லுக்கு எக்டேருக்கு 150:50:50 என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை, ஏக்கருக்கு 60:20:20. மணிச்சத்து 20 கிலோவை டி.ஏ.பி.யில் கொடுத்தால் 43 கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். அதிலேயே தழைச்சத்து எட்டு கிலோ போல வந்துவிடுகிறது. பாக்கி 52 கிலோவுக்கு யூரியா 113 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டரை. பொட்டாஷ் 33 கிலோ. டி.ஏ.பி. முழுவதும் கடைசி உழவில் அடியுரம். தழைச்சத்தை மட்டும் 15 கிலோ வீதம் நான்காகப் பிரித்து, அடியுரமாக ஒரு பங்கு, தூர் கட்டும்போது ஒன்று, கதிர் உருவாகும்போது ஒன்று, கதிர் வெளிவரும்போது ஒன்று. பொட்டாஷையும் அதே தவணைகளில் சேர்த்துவிடலாம். டி.ஏ.பி.யில் வரும் எட்டு கிலோவைக் கழிக்காமல், 60 கிலோவுக்கும் யூரியா போடுகிறவர்கள் ஏராளம். ஏக்கருக்கு 17 கிலோ யூரியா அங்கேயே வீண்.

பிரிப்பதற்குக் காரணம் பயிரின் பசி. நட்ட முதல் வாரத்தில் நாற்றின் வேர் பிடித்திருக்காது. அப்போது கொட்டினால் சாப்பிட ஆளில்லை. இலையின் நிறத்தைப் பார்த்தே அடுத்த தவணையை முடிவு செய்ய இலை வண்ண அட்டை உதவுகிறது. முழுதாக விரிந்த இளம் இலையை உங்கள் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான ரகங்களுக்கு நான்காம் நிறத்துக்குக் கீழே போனால் மேலுரம். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் நிறமே போதும். பச்சைப் பசேல் என்று கருநிறம் ஏறிய வயலைப் பார்த்துப் பெருமைப்படுவது ஊர் வழக்கம். ஆனால் அந்தக் கரும்பச்சை இலையின் சாற்றில் நைட்ரஜன் நிரம்பி வழியும். செல் சுவர் மெலிந்திருக்கும். இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் தேடி வருவது அந்த வயலுக்குத்தான். கதிர் முற்றும்போது ஒரு மழை அடித்தால் முதலில் சாய்வதும் அதுதான்.

இனி மணிச்சத்து. இதன் கதை பாறையில் தொடங்குகிறது. உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் மொராக்கோவில். பாறையை அப்படியே பொடித்துப் போட்டால் பெரும்பாலான மண்ணில் கரையாது. 1842இல் இங்கிலாந்தின் ஜான் லாஸ், கந்தக அமிலத்தால் பாறையைக் கரையக்கூடியதாக்கிக் காப்புரிமை பெற்றார். சூப்பர் பாஸ்பேட் அப்படி வந்தது. இந்தியாவில் அதன் முதல் ஆலை 1906இல் எழுந்த இடம் நம் ராணிப்பேட்டை. சூப்பரில் மணிச்சத்து 16 சதவீதம்தான். கூடவே கந்தகம் 11 சதவீதம், சுண்ணாம்புச்சத்து தாராளம். மணிச்சத்து எண்ணை மட்டும் பார்த்து டி.ஏ.பி.யே சிறந்தது என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்தக் கந்தகத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. நிலக்கடலை, எள், பயறு போடும் நிலத்துக்கு நான் சூப்பரையே சொல்வேன்.

பாஸ்பேட் அயனி மண்ணில் நடக்காது. போட்ட இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் நகர்ந்தால் பெரிது. சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக் கரையாத சேர்மமாக்கிவிடுகின்றன. பெட்டகத்தில் பூட்டிய நகைபோல, வீட்டில் இருக்கிறது, கழுத்துக்கு வரவில்லை. அதனால் மேலே தூவும் மேலுரமாக இதைக் கொடுப்பதில் பொருளில்லை. வேர் இறங்கும் ஆழத்தில், பயிர் வரும் முன்பே இருக்க வேண்டும். வேர் பரவாத இளம்பருவத்தில்தான் செடி மணிச்சத்துக்கு அதிகம் ஏங்கும் என்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

நெல்லுக்கு மட்டும் இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. வயலில் தண்ணீர் நின்று ஆக்சிஜன் தீர்ந்ததும், பாஸ்பேட்டைக் கட்டிவைத்திருந்த மூவிணை இரும்பு ஈரிணை இரும்பாக மாறிக் கரைகிறது. பூட்டிய மணிச்சத்து வெளியே வருகிறது. ஆண்டுதோறும் டி.ஏ.பி. போட்டு வந்த படுகை வயல்களில் இப்படிச் சேர்ந்த இருப்பு கணிசமாக இருக்கலாம். மண் பரிசோதனை செய்தால் தெரியும். இருப்பு அதிகம் என்று பரிசோதனை முடிவு சொன்னால் ஒரு பருவம் மணிச்சத்தைக் குறைப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. பாஸ்போபாக்டீரியா என்று கடைகளில் கிடைக்கும் நுண்ணுயிர் உரமும் அங்கக அமிலங்களைச் சுரந்து அந்த இருப்பில் ஒரு பகுதியைக் கரைத்துத் தருகிறது. தேயிலைத் தோட்டத்தின் அமில மண்ணில் வேறு வசதி. அங்கே மண்ணே பாறையைக் கரைக்கும் என்பதால் ராக் பாஸ்பேட்டை அப்படியே இடலாம். அதே பொடியைத் திருவாரூர்க் களிமண்ணில் போட்டால் பாறையாகவே கிடக்கும்.

மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் படுத்துவிடும். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துருப்பிடித்ததுபோல் பழுப்புப் புள்ளிகள் வந்து பயிர் குட்டையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நோய் என்று மருந்தடித்துக்கொண்டிருந்ததை, துத்தநாகக் குறை என்று பந்த்நகரில் கண்டறிந்து 1966இல் சொன்னவர் ஒய்.எல்.நேனே. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து நடவுக்குச் சற்று முன் தூவினால் போதும். டி.ஏ.பி.யோடு மட்டும் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து துத்தநாக பாஸ்பேட்டாக இறுகி, இரண்டு செலவும் வீணாகும்.

வாங்கியது டி.ஏ.பி.தானா என்று சந்தேகம் வந்தால் நான்கு குருணையை உள்ளங்கையில் வைத்து வெற்றிலைச் சுண்ணாம்போடு தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்பின் காரம் அம்மோனியத்தை வாயுவாக்கி மூக்கைத் துளைக்கும். வாசனையே வரவில்லை என்றால் அது டி.ஏ.பி. இல்லை. யூரியாவையும் சுண்ணாம்பையும் உரக்குழியில் ஒன்றாகப் போடக் கூடாது என்பதற்கும் அம்மோனியா இழப்புதான் காரணம்.

சாம்பல்சத்தை நாம் மிகவும் அலட்சியப்படுத்திவிட்டோம். பொட்டாஷ் என்று நாம் வாங்கும் பொட்டாசியம் குளோரைடு ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு. கனடாவின் சஸ்காச்சுவானிலும் ரஷ்யாவிலும் பெலாரஸிலும் பழங்காலக் கடல்கள் வற்றிப் படிந்த உப்புப் பாறைகளிலிருந்தும், ஜோர்டான் பக்கம் சாக்கடல் நீரிலிருந்தும் எடுக்கிறார்கள். அந்தச் செங்கல் நிறம் அதோடு ஒட்டிய இரும்பு ஆக்சைடால் வருவது. சத்துக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை. பொட்டாசியம் செடியின் உடம்பில் எந்தப் பொருளின் கட்டுமானத்திலும் சேர்வதில்லை. சாற்றில் அயனியாகவே உலவி, இலைத்துளை திறந்து மூடுவதையும் சர்க்கரை இலையிலிருந்து கதிருக்குப் போவதையும் நடத்துகிறது. அது குறைந்தால் இலை நுனியும் ஓரமும் காயும், தண்டு வலுவிழக்கும், மணி பதராகும். யூரியாவைப்போல் போட்ட நாலாம் நாள் பச்சை காட்டாததால் அதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

நெல் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி மணிக்குப் போவதில்லை, வைக்கோலில் தங்கிவிடுகிறது. ஒரு டன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியம் இருக்கும். மாடு தின்ற வைக்கோல் சாணமாகவும் மூத்திரமாகவும் அதே நிலத்துக்குத் திரும்பிய காலத்தில் இந்தக் கணக்கு நேராக இருந்தது. இன்று அறுவடை மிஷின் போன பின்னாலேயே கட்டும் மிஷின் வருகிறது. தஞ்சாவூர், திருவாரூர் வைக்கோல் கட்டுகள் கேரளத்து மாட்டுத் தொழுவங்களுக்கு லாரி லாரியாகப் போகின்றன. ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் என்றால், ஒரு மூட்டை பொட்டாஷில் உள்ள பொட்டாசியம் அதோடு லாரி ஏறுகிறது. வைக்கோல் விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேச வேண்டும். வைக்கோலை விற்பது தவறென்று சொல்லவில்லை. விற்றவர் பொட்டாஷை நிறுத்தக் கூடாது.

ஆனால் எல்லாவற்றையும் விட்டு யூரியாவையே ஏன் கொட்டுகிறோம்? விவசாயியின் அறியாமை என்று சொல்வது அநியாயம். அவர் விலையைப் பார்க்கிறார். 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. தழைச்சத்து கிலோ 13 ரூபாய் விழுகிறது. டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். பொட்டாஷ் அதற்கும் மேல். அதன் சத்து கிலோ 50 ரூபாயைத் தாண்டுகிறது. இந்த இடைவெளி 1992 ஆகஸ்டில் பிறந்தது. அன்று மத்திய அரசு மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாட்டை நீக்கி, யூரியாவை மட்டும் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது. நாடு பயன்படுத்திய தழை, மணி, சாம்பல் விகிதம் அதற்கு முந்தைய ஆண்டில் 5.9:2.4:1. ஒரே ஆண்டில் அது 9.5:3.2:1 ஆனது. அந்தச் சாய்வு முழுதாக நிமிரவே இல்லை. கொள்கை எழுதும் மேசையில் விலையைத் திருத்தாமல் வயலில் நிற்பவருக்குச் சமச்சீர் உரம் பற்றி வகுப்பெடுப்பது பலன் தராது.

தழைச்சத்தை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே நூறாண்டுச் சாட்சி இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் அது. ஒரு பாத்திக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மூன்று சத்தும், ஒன்றுக்குத் தொழு உரம், ஒன்றுக்கு எதுவுமில்லை என்று பிரித்து, தலைமுறை தலைமுறையாக அதே பாத்திக்கு அதையே கொடுத்து வந்திருக்கிறார்கள். தழைச்சத்து மட்டும் பெற்ற மண் காலப்போக்கில் தளர்ந்தது. மூன்று சத்தும் தொழு உரமும் சேர்ந்த ஏற்பாடே விளைச்சலையும் மண்ணின் கரிமத்தையும் தாங்கிப் பிடித்தது. ரசாயனமா இயற்கையா என்று மேடைகளில் மோதிக்கொள்கிறவர்கள் ஒருமுறை அந்த வயலைப் போய்ப் பார்க்க வேண்டும்.

எதிர்த்திசைச் சாட்சி இலங்கையில் இருக்கிறது. 2021 மே மாதம் அங்கே ரசாயன உர இறக்குமதியைத் தடாலென்று நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை விலக்கியபோது காலம் கடந்துவிட்டது. அம்பாறையிலிருந்து கிளிநொச்சி வரை பெரும்பாலானோர் போதிய யூரியா இல்லாமலே பெரும்போகத்தை விளைவித்தார்கள். நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. காரணத்தை ஒரு பெருக்கலில் காட்டலாம். தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் போல இருக்கும். ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து என்றால் 12 டன் தொழு உரம் வேண்டும். அதிலும் அந்தப் பருவத்திலேயே கரைந்து பயிருக்கு வருவது ஒரு பகுதிதான். மாடும் இல்லாமல், எருக்குழியும் இல்லாமல் ஒரே பருவத்தில் ஒரு நாடு அதைச் செய்ய முடியாது. அந்த விவசாயிகள் பட்ட கடன் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

தொழு உரம் தரும் வேலை வேறு. அது மண்ணைப் பொதபொதப்பாக்கும், ஈரம் தாங்கும், அம்மோனியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்துவைக்கும் பரப்பைக் கூட்டும். யூரியாவில் வீணாகும் பங்கு அதனாலேயே குறையும். எருவுக்கு வழியில்லாத இடத்தில் தக்கைப்பூண்டு இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்பே கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ விதை தெளித்துவிட்டால், 40, 45 நாளில் இடுப்பளவு நிற்கும். பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். முற்றினால் தண்டு நாராகி மட்க நாளாகும். அதன் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம், ஹேபர் 400 டிகிரியில் செய்ததை மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே செய்கிறது. இரண்டரை டன் பசுந்தழையில் 15 கிலோ போலத் தழைச்சத்து இருக்கும். மேலே போட்ட கணக்கில் அது முழுதாக ஒரு தவணை. களர் நிலத்திலும் தக்கைப்பூண்டு தாக்குப்பிடிக்கும். மணிலா அகத்தி இன்னும் ஒரு படி மேல். அதற்குத் தண்டிலும் முடிச்சு வரும்.

உரம் இடும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதை நிலக்கடலையைப்போல் தெளிவாகக் காட்டும் பயிர் இல்லை. கால்சியம் வேரிலிருந்து இலைக்கு ஏறும். இலையிலிருந்து கீழே இறங்காது. மண்ணுக்குள் இருக்கும் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் தோல் வழியாக, சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். திண்டிவனம், திருவண்ணாமலைப் பக்கங்களில் 40, 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடியடியில் போட்டு மண் அணைப்பது இதற்காகத்தான். விழுது இறங்கும் இடத்தில் ஜிப்சம் இருந்தால் பொக்குக் காய் குறையும், பருப்பு திரண்டு வரும்.

சில சமயம் மண்ணையே தாண்டி இலைக்குக் கொடுப்பதுதான் வழி. சம்பா, தாளடி அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தூவுவது படுகையின் பழைய வழக்கம். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது வளரும். அறுவடை மிஷினின் சக்கரம் முளையை நசுக்குவதால் இந்தப் பயறு இப்போது சுருங்கிவருகிறது. கையறுப்பு குறைந்த இடங்களில் வேறு முறை யோசித்தாக வேண்டும். இந்தப் பயிருக்கு அடியுரம் இட வழியில்லை. பூத்துக் காய் பிடிக்கும்போது வேர் முடிச்சுகளும் சோர்ந்துவிடும். அதனால் பூக்கும்போது ஒருமுறையும் 15 நாள் கழித்து ஒருமுறையும் இரண்டு சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கிறார்கள். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் சாயங்காலமே 20 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மறுநாள் கலக்காமல் மேல் தெளிவை மட்டும் துணியில் வடித்து, 200 லிட்டராக்கி, வெயில் சாய்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். கசடோடு ஊற்றினால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும். உச்சி வெயிலில் தெளித்தால் உப்பு செறிந்து இலை கருகும். நாலு கிலோ உரம்தான்; மண் அதைப் பூட்டுவதற்கு முன்பே இலைக்குள் போய்விடுகிறது.